கவுன்சிலில் போட்டும் பாக்கி வரவில்லையா? ஜாப் ஒர்க் யூனிட்டுகள் கவனிக்க வேண்டியவை

திருப்பூரில் காம்பாக்டிங் யூனிட் வைத்திருப்பவரிடமோ, கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துபவரிடமோ பாக்கி வசூல் பற்றிப் பேச்செடுத்தால், "கவுன்சில்ல போட்டு வருசக்கணக்காச்சுங்க, ஒண்ணும் ஆகல" என்றுதான் பதில் வருகிறது. அவர்கள் சொல்வது, குறு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலை. அந்தக் கோபம் நியாயமானது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2006-இல் வந்த எம்எஸ்எம்இடி சட்டத்தில், தாமதமாகும் பாக்கியை வாங்கித் தருவதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, கவுன்சிலுக்கு வரும் மனுவை 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள் முடியும் மனு அபூர்வம். வெறுத்துப்போனவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறார்கள், முதல்வர் உதவி எண்ணான 1100-க்குப் போன் போடுகிறார்கள். அந்த மனு சுற்றிவிட்டு அதே கவுன்சிலுக்கோ மாவட்டத் தொழில் மையத்துக்கோதான் திரும்பும். பாக்கியைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுகிற இடம் குறைதீர்க்கும் கூட்டம் அல்ல.

தாமதத்துக்கான காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கவுன்சிலில் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். தலைவர் தொழில்துறை அதிகாரி. மற்றவர்கள் தொழில் சங்கம், வங்கி போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள். யாருக்கும் இது முழுநேர வேலை கிடையாது. தலைவருக்கு வேறு அலுவல் வந்தால் அமர்வு தள்ளிப்போகும், அவர் மாறுதலானால் அடுத்தவர் வரும்வரை ஃபைல் நிற்கும். இதைச் சரிசெய்ய வேண்டியது அரசு. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு வரும் ஃபைல்களைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது. கணிசமான மனுக்கள் கவுன்சிலுக்குப் போவதற்கு முன்பே, சரக்கு இறக்கிய அன்றே பலமிழந்து போயிருக்கின்றன. தாமதத்தை நம்மால் உடனே மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. வேலை எடுக்கும்போதே பதிவு இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு அவசரமாகப் பதிவு வாங்கிக்கொண்டு பழைய பில்லுக்குக் கேட்டால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அதை நம்பிக்கொண்டு பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பதிவு இருந்தும் தோற்பவர்கள் உண்டு. நிட்டிங் செய்பவர் கூடவே நூல் வியாபாரமும் செய்வார். பதிவில் வியாபாரம் என்ற குறியீடு மட்டும் இருக்கும். மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கு உத்யம் தரும் சலுகை வங்கிக் கடனோடு நின்றுவிடுகிறது. கவுன்சிலுக்கு அது உதவாது. உங்கள் சான்றிதழை எடுத்து, தயாரிப்பு அல்லது சேவைக்கான குறியீடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நடுத்தர நிறுவனத்துக்கும் இந்தக் கதவு கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி.

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூலி உயர்வுப் பிரச்சினையையும் கவுன்சிலில் போடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. கூலி எவ்வளவு என்பது முத்தரப்புப் பேச்சில் தீர வேண்டியது. பேசிய கூலிக்கு நெய்து கொடுத்து, பில் போட்டு, பணம் வராமல் இருந்தால் மட்டுமே அது கவுன்சில் விவகாரம்.

டெலிவரி சலானில்தான் (டிசி) கேஸ் இருக்கிறது

கவுன்சிலில் பார்ட்டி, அதாவது வேலை கொடுத்த கம்பெனி, சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சரக்கு டேமேஜ்." ஷேடு வேரியேஷன் (நிற வேறுபாடு), ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு) குறைவு, துணியில் ஓட்டை, எக்ஸ்போர்ட் பையர் ஆர்டரைத் திருப்பிவிட்டார், ஏர் ஃபிரைட் செலவாகிவிட்டது என்று ஆறு மாதம் கழித்து பில்லில் பிடித்தம் காட்டும் ஒரு டெபிட் நோட் கிளம்பி வரும். அதற்குச் சட்டத்தில் பதில் தயாராக இருக்கிறது. சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். போனில் திட்டியது எழுத்து ஆட்சேபம் ஆகாது.

இந்த 15 நாளை எங்கிருந்து எண்ணுவது என்று காட்டுவது உங்கள் டிசி. அங்கேதான் கோட்டை விடுகிறோம். பல யூனிட்டுகளின் டிசி புக்கில் "துணி, 22 ரோல்" என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து இருக்கும். வாங்கியது செக்யூரிட்டியா, ஸ்டோர்காரரா, டெம்போ டிரைவரா என்று தெரியாது. தேதியும் இருக்காது. கவுன்சிலில் நிற்கும் டிசி என்றால் லாட் நம்பர், ரோல் எண்ணிக்கை, கிலோ, டயா, ஜிஎஸ்எம், எந்த ஆர்டருக்கான வேலை, பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் எல்லாம் அதில் இருக்கும். அதைவிட முக்கியம், பார்ட்டி கேட்டில் போடும் இன்வர்டு சீல், அதில் தேதி, வாங்கியவர் பெயர். சீல் போட மறுத்தால் அன்று மாலையே கம்பெனியின் மெயிலுக்கு, "இன்று இந்த டிசி-யில் இத்தனை கிலோ இறக்கியிருக்கிறோம்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். பார்ட்டியிடம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போவார், அவர் வாட்ஸ்அப்பும் அவரோடு போய்விடும். கம்பெனி மெயில் போகாது.

பார்ட்டி 15 நாளுக்குள்ளேயே எழுத்தில் குறை சொன்னால் மெத்தனமாக இருக்கக் கூடாது. ரீ-பிராசஸ் செய்து கொடுத்தால் அதற்குத் தனி டிசி போட்டு, குறை நீக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். குறை நீங்கிய அந்த நாள்தான் அப்போது ஏற்பு நாள்.

பில்லை ஏற்றுக்கொண்டதற்குப் பார்ட்டியே உருவாக்கும் ஆதாரங்களும் உண்டு. உங்கள் பில்லுக்கு அவர் டிடிஎஸ் பிடித்திருந்தால் அது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். டேமேஜ் என்று நிராகரித்த சரக்குக்கு யாரும் டிடிஎஸ் கட்ட மாட்டார்கள். அதேபோல, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத பார்ட்டி, அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். "வரவைத் திருப்பினீர்களா, கணக்கைக் காட்டுங்கள்" என்று கவுன்சிலில் எழுத்தில் கேளுங்கள். பல டேமேஜ் வாதங்கள் இந்தக் கேள்வியில் தளர்ந்துவிடும்.

வட்டிக் கணக்கு

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால், ஏற்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஏப்ரல் 1 இறக்கிய சரக்குக்கு ஏப்ரல் 17 முதல் வட்டி ஓடத் தொடங்கும். ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. பர்சேஸ் ஆர்டரில் 90 நாள், 120 நாள் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது 45 நாள்தான். வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 17.25. 8 லட்சம் பாக்கி ஒரு வருடம் நின்றால் வட்டி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். விகிதம் இடையில் மாறியிருந்தால் அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த விகிதம் போட வேண்டும். பில்வாரியாகக் கணக்குப் போடாமல் மொத்த பாக்கிக்கு ஒரே தேதியிலிருந்து வட்டி போட்டுக் கொண்டுபோனால், பார்ட்டியின் வக்கீல் முதலில் கை வைப்பது அதில்தான். எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் ஆன் அக்கவுண்டில் வந்த பணத்தை எந்தப் பில்லில் கழித்தீர்கள் என்பதையும் லெட்ஜரில் தெளிவாகக் காட்ட வேண்டும்.

பழைய பாக்கிக்குக் காலக்கெடு உண்டு. கவுன்சிலில் முதலில் சமரசப் பேச்சு, அது தோற்றால் நடுவர் விசாரணை என்று இரண்டு கட்டம். சமரசக் கட்டத்தில் காலம் கடந்த பாக்கியையும் பேசலாம். நடுவர் கட்டத்துக்குப் போனால் மூன்று ஆண்டு வரம்பு பொருந்தும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு மார்ச் மாதமும் பாக்கியை உறுதிசெய்து பார்ட்டியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கெடு முடிவதற்குள் வாங்கிய ஒப்புதலுக்குத்தான் மதிப்பு. அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும்.

மனு போட்ட பிறகு

2017 முதல் அரசின் சமாதான் இணையதளத்தில் மனு போட்டு வந்தோம். 2025 ஜூன் 27 அன்று ஆன்லைன் தகராறு தீர்வுக்கென்று ஓடிஆர் தளமும் தொடங்கப்பட்டது. தளத்தில் பதிந்தால் மட்டும் அது கேஸ் ஆகிவிடாது. கவுன்சில் பரிசீலித்து ஏற்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், பதிவு எண்ணை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. உத்யம் பதிவில் உள்ள செல்போன் எண் பழையதாக இருந்தால் ஓடிபி வராது, அதை முதலில் மாற்றுங்கள். பார்ட்டியின் பெயர் ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். புரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்தது பிரைவேட் லிமிடெட் ஆகியிருக்கலாம், பில் பழைய பெயரில் இருக்கலாம். பில் போட்டது எக்ஸ்போர்ட்டர் பெயரில், மனு போட்டது பையிங் ஏஜென்சி மேல் என்றால் அங்கேயே முடிந்தது.

பார்ட்டி மும்பையிலோ டில்லியிலோ இருந்தாலும் நீங்கள் இருக்கும் பகுதியின் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. கோவையில் மண்டலக் கவுன்சில் இருக்கிறது. அங்கே அவர் வந்துதான் ஆக வேண்டும். வெளிநாட்டு பையர் தர வேண்டிய பாக்கிக்கு மட்டும் இது உதவாது.

ஜெயித்த கேஸ் கோர்ட்டில் கவிழ்வதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கவுன்சில் முதலில் சமரசம் பேச வேண்டும். அது தோற்றால் தோற்றது என்று பதிவு செய்துவிட்டு, நடுவர் விசாரணையைத் தனியாகத் தொடங்கி, இரு தரப்பு வாதத்தையும் ஆவணத்தையும் வாங்கித் தீர்ப்பு எழுத வேண்டும். நடுவராக கவுன்சிலே உட்காரலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பார்ட்டி இரண்டு தடவை வரவில்லை என்பதற்காக, சமரசக் கட்டத்திலேயே "பணம் கொடு" என்று உத்தரவு போட்டால் அது நிற்காது. ஜார்க்கண்ட் ஊர்ஜா விகாஸ் நிகம் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட உத்தரவைச் செல்லாது என்றுவிட்டது. சீக்கிரம் உத்தரவு வந்தால் போதும் என்று அவசரப்படாதீர்கள். சமரசம் தோல்வி என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி நீங்களே மனுவாகக் கேளுங்கள், அதன் நகலையும் வாங்குங்கள். நடுவர் விசாரணைக்கு உரிமைகோரல் அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்யுங்கள். தளத்தில் போட்ட மனுவே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

திருப்பூரிலும் கோவையிலும் வலுவான தொழில் சங்கங்கள் இருக்கின்றன. கவுன்சிலில் சங்கப் பிரதிநிதிக்கு இடமும் இருக்கிறது. அமர்வுத் தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பது, சமரசம் தோற்ற கேஸை அடுத்த அமர்விலேயே நடுவர் கட்டத்துக்கு மாற்றுவது, நிலுவைப் பட்டியலை மாதாமாதம் வெளியிடுவது ஆகிய மூன்றையும் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும். வங்கியில் சிசி லிமிட்டுக்கு (கேஷ் கிரெடிட் கடனுக்கு) வட்டி கட்டிக்கொண்டே பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் நிலையில் நம் யூனிட்டுகள் இருக்கக் கூடாது.

இதற்கிடையில், எம்எஸ்எம்இடி சட்டத்தின் கெடுவுக்குள் (15 நாள் அல்லது 45 நாள்) தராத தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி வந்த பிறகு, சில பார்ட்டிகள் உத்யம் பதிவையே ரத்து செய்யச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். ரத்து செய்தால் அந்தப் பார்ட்டி மட்டுமல்ல, எந்தப் பார்ட்டியின் மேலும் கவுன்சிலுக்குப் போகும் தகுதி போய்விடும்.

தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் பார்ட்டி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். கட்டாமல் மனு எண்ணிடப்பட்டிருந்தால் அதை ஆட்சேபியுங்கள். கட்டிய பணம் வழக்கு முடியும்வரை கோர்ட்டிலேயே கிடக்க வேண்டியதில்லை. அதில் நியாயமான பகுதியை உங்களுக்கு விடுவிக்க 19-ஆவது பிரிவிலேயே இடமிருக்கிறது, ஆனால் நீங்கள் மனு போட்டுக் கேட்க வேண்டும். எதிர்மனு எதுவும் வராமல், பணமும் வராமல் இருந்தால் நிறைவேற்று மனுதான் வழி. பார்ட்டியின் சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டிலேயே அதை நேரடியாகப் போடலாம். கோர்ட் ஜப்தி செய்வதற்கு வங்கிக் கணக்கு விவரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதனால் பார்ட்டி எப்போதோ கொடுத்த செக்கின் நகலையும், பணம் வந்த ஆர்டிஜிஎஸ் பதிவையும் வேலை எடுத்த முதல் நாளிலிருந்தே அந்தந்தப் பார்ட்டியின் ஃபைலில் சேர்த்து வையுங்கள்.