எந்தத் துளை மூடணும், எந்தத் துளை இருக்கணும்?

முத்துச்சிப்பியின் உட்புறம் பளபளக்கிறதே, அந்த அடுக்கில் சுமார் 95 சதவீதம் வெறும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதேதான். ஆனாலும் சிப்பி லேசில் உடையாது. அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தகடுகளைச் செங்கல் போல அடுக்கி, நடுவே மெல்லிய புரதம் பூசியிருக்கிறது. உள்ளே புகும் விரிசல் நேராக ஓட முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போய் ஓய்ந்துவிடும்.

இதைச் செயற்கையாகச் செய்ய, கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 2006-ல் பனிக்கட்டியைப் பயன்படுத்தினார்கள். அலுமினா எனப்படும் அலுமினியம் ஆக்சைடுத் தூளைத் தண்ணீரில் கலந்து அடியிலிருந்து குளிரூட்டினால், பனி தகடு தகடாக மேல்நோக்கி வளரும். பனிப் படிகம் தூளைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளாது. ஒதுக்கப்பட்ட தூள் தகடுகளுக்கு நடுவே சுவராகக் குவியும். அப்புறம் காற்றழுத்தத்தைக் குறைத்தால் பனி உருகாமலே ஆவியாகும். மிஞ்சும் தூள் சுவர்கள், குழம்பில் சேர்த்த கொஞ்சம் பசையால்தான் நிற்கின்றன.

அந்தப் பசையும் உலையில் முதலில் எரிந்துவிடும். பிறகு சூடு 1500 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, இங்கே எதுவும் உருகுவதில்லை. இந்த வேலையின் அழகே அதுதான். துகளின் மேற்பரப்பில் இருக்கும் அணுக்களுக்கு ஒரு பக்கம் துணை கிடையாது. நுண்ணிய தூளில் அப்படிப்பட்ட அணுக்கள் ஏராளம். சூட்டில் நகரும் வலு கிடைத்ததும், இரண்டு துகள்கள் தொடும் இடத்துக்கு அணுக்கள் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு கழுத்து உருவாகித் தடிக்கிறது. துகள்களின் நடுப்புள்ளிகள் நெருங்குகின்றன, சின்னத் துளைகள் மூடுகின்றன, மொத்தக் கட்டமைப்பும் சுருங்குகிறது. இதைத்தான் சின்டரிங் என்கிறோம்.

பனி விட்டுப்போன அகன்ற இடைவெளிகள் மட்டும் மூடுவதில்லை. எண்ணற்ற துகள்கள் சூழ்ந்த பெரிய துளை, கழுத்துகள் வளர்ந்தாலும் திறந்தே நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுவே, ஏனென்றால் பிறகு அங்கேதான் வேறு பொருளை நிரப்ப வேண்டும். சூடு குறைந்தால் சுவருக்குள் துளைகள் தங்கி அது பலவீனமாகும். மிஞ்சினால் படிகத் துகள்கள் பருத்து, அப்போதும் வலிமை குறையும்.

2008-ல் அதே ஆய்வகத்தினர் இந்தச் சுவர்களை அழுத்தி நொறுக்கிச் செங்கற்களாக்கி, மறுபடியும் சின்டர் செய்து, இடைவெளிகளில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நிரப்பினார்கள். இந்தக் கலவையில் செராமிக், அதாவது அலுமினா, மட்டும் சுமார் 80 சதவீதம். கலவையை உடைக்கத் தேவையான ஆற்றல், அதன் மூலப்பொருட்களுக்குத் தேவையானதைப் போல 300 மடங்குக்கும் மேல். இரண்டாவது சூட்டில் செங்கற்கள் தொடும் இடங்களில் குட்டிப் பாலங்கள் உருவாகியிருந்தன. சுமை ஏறும்போது செங்கற்கள் கொஞ்சம் வழுக்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பாலங்கள் அவற்றை அதற்கு மேல் நகரவிடாது.