முருமுரு: வெண்ணெயா, நெய்யா?

கண்டிஷனர், லிப் பாம் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘முருமுரு வெண்ணெய்’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. இன்னும் துணிந்தவர்கள் ‘பனை வெண்ணெய்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது ஒரு பிரேசில் மரத்தின் கொட்டைக் கொழுப்பு. அந்தப் பொருளில் நம் பனையும் இல்லை, கடைந்த பாலும் இல்லை.

முருமுரு என்பது பிரேசிலின் துப்பி மொழிப் பெயர். போர்த்துக்கீசியம் வழியாகப் பரவியது. பாரா, அமேசோனாஸ் மாநிலங்களில் ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் காடுகளில் வளரும் மரம். உடம்பெல்லாம் கருமுள், ஒரு சாண் நீளம்கூட இருக்கும். அதனால் பழம் தானாக விழுந்த பிறகே பொறுக்குவார்கள். கொட்டையை உலர்த்தி, ஓடு உடைத்து, பருப்பை ஆட்டினால் கொழுப்பு வரும். பேரினப் பெயர் அஸ்ட்ரோகாரியம். கிரேக்கத்தில் ‘விண்மீன்’, ‘கொட்டை’ என்ற இரு சொற்களின் சேர்க்கை அது.

‘பனை வெண்ணெய்’ நிற்காது. முருமுரு பனைக் குடும்பம் என்பது உண்மை; தென்னை, கமுகு, ஈச்சு, தாளிப்பனை எல்லாமும் அதே குடும்பம்தான். அதற்காகத் தேங்காய் எண்ணெயைப் பனை எண்ணெய் என்போமா? பாமாயில் மரத்துக்கு மலேசியத் தமிழர் ‘செம்பனை’ என்று அடைமொழி போட்டுப் பிரித்தார்களே, அது தெளிவு. இங்கேயும் மரத்தை ‘முருமுருப் பனை’ எனலாம். மொட்டையாகப் பனை என்றால் நுங்கு மரம்தான்.

வெண்ணெய்க்கு வாதாடுவோர் கேட்பது நியாயமான கேள்வி: எள்+நெய் எண்ணெய் ஆகி, எள்ளை விட்டு விலகித் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகவில்லையா? வெண்+நெய் ஏன் பாலை விட்டு விலகக் கூடாது? விலகியிருந்தால் மறுப்பில்லை. ஆனால் இன்றும் வெண்ணெய் என்றால் கடைந்தெடுத்ததுதான். 100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம்தான் கொழுப்பு, 16 கிராமளவு நீர். முருமுருவிலோ நீரே கிடையாது. லிப் பாம் செய்முறையில் ‘வெண்ணெய் 30 கிராம்’ என்று படித்து அடுக்களை வெண்ணெயைப் போட்டால், நீர் மெழுகோடு சேராமல் பிரியும், சில நாளில் நாறும். வெண்ணெயை உருக்கி நீரைப் போக்கினால் கிடைப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? நெய். சித்த மருந்துகளில் வேப்பநெய், சிற்றாமணக்குநெய் என்று விதைக் கொழுப்புக்கும் அதே பெயர். மாட்டு நெய் என்று யாரும் மயங்காதிருக்க ‘விதை’யை முன்னால் சேர்த்தால் போதும்: முருமுரு விதைநெய்.

‘விதைக்கொழுப்பு’ம் அறிவியல்படி சரிதான். ஆனால் கொழுப்பை யார் ஆசையாக உதட்டில் பூசுவார்கள்? ஆங்கிலத்தில் ‘பட்டர்’ என்று கண்ட இடமெல்லாம் வெண்ணெய் என்று போடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் அரைத்த கடலை விழுதையும் ‘வேர்க்கடலை வெண்ணெய்’ ஆக்கினார்கள். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

நெய் என்ற பெயர் குணத்துக்கும் பொருந்துகிறது. மெதுவாக ஆறினால் உருகுநிலை கூடிய பகுதி முதலில் உறைந்து, நெய்யைப் போலவே மணல் மணலாகும். சோற்றில் பிசையும் நெய்க்கு அது அழகு, உதட்டுப் பூச்சுக்குக் குறை. 20 கிராம் தேன்மெழுகு, 30 கிராம் விதைநெய், 50 கிராம் எண்ணெய் சேர்த்து 75 டிகிரியில் முழுதும் உருக்கி, அச்சில் ஊற்றியதும் ஃபிரிட்ஜில் வைத்துச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். விதைநெய்யின் உருகுநிலை 33 டிகிரிக்கு அருகில் என்பதால் சென்னைக் கோடையில் டப்பாவுக்குள்ளேயே இளகும். எண்ணெயைக் குறைத்து மெழுகை 25 கிராமாக்கலாம். கண்டிஷனரில் 2 முதல் 5 சதவீதம் போதும். கூடினால் முடி பிசுக்கேறும்.

தேங்காய் எண்ணெயைப் போலவே இதிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். ஆனால் மிரிஸ்டிக் என்ற இன்னொரு கொழுப்பமிலம் கூடுதல், கார்பன் சங்கிலி குட்டையான, எளிதில் உருகும் அமிலங்கள் குறைவு. தேங்காய் எண்ணெய் 25 டிகிரியில் உருக, இது கெட்டியாக நிற்பது அதனால்தான்.

எழுத்தையும் கவனிக்க வேண்டும். போர்த்துக்கீசிய ஒலிப்புக்கு நெருக்கமானது ரகரம். றகரம் போட்டு ‘முறுமுறு விதைநெய்’ என்று எழுதினால், வாங்குபவர் முறுக்கு சுடக் கிளம்பிவிடுவார்.