மேய்ச்சல் நிலம் போனால் யார் பிழைப்பு போகும்?

ஊருக்குப் பொதுவான நிலங்கள் தொடர்பான வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். மேய்க்கால் புறம்போக்கு (ஊர் ஆடு மாடு மேய்வதற்கான பொது நிலம்), களம், மந்தை என்று எதற்கு வகைப்பாடு மாற்றம், அதாவது வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்படி, கேட்டாலும், கோப்பில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘பயன்பாட்டில் இல்லை.’ சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைக் காரில் இருந்தபடியே பார்த்தால் அப்படித்தான் எழுதத் தோன்றும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, நாலு வெள்ளாடு, கையில் தொரட்டி. கருவேலங்காயை இழுத்து உதிர்ப்பார், ஆடுகள் மொய்க்கும். திரும்பும்போது தலையில் விறகு, மடியில் பண்ணைக்கீரை. இருந்த பட்டா நிலம் மனையாகப் போய்விட்டது, மகன் வெளியூரில். ஆடித் திருவிழாவுக்கு ஒரு கிடாயை விற்றால் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும், யாரிடமும் கை நீட்ட வேண்டாம். முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-ல் 1,200 ரூபாயாக்கியது. நல்லதுதான். ஆனால் சம்பாதிக்கும் மகன் இருக்கிறார் என்றாலே மனு இழுபடுவதைப் பார்க்கிறேன்.

பொருளியலாளர் என்.எஸ். ஜோதா, தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளை ஆராய்ந்து 1986-ல் எழுதியபோது, ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் பொது நிலங்களிலிருந்து வருவதைக் காட்டினார். அந்த வருமானத்துக்கு ரசீது கிடையாது. விசாரணையில் காட்ட ஆவணமும் இல்லை.

‘மாற்று இடம் தருகிறோமே’ என்பார்கள் அதிகாரிகள். ஏக்கர் கணக்கில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் பைபாஸ் ரோடு. மூட்டுவலிக்காரர் ஆட்டை ஓட்டிக்கொண்டு அதைத் தாண்டுவாரா? வயசாளிக்கு நிலத்தின் பரப்பைவிட வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். வரைபடத்தில் இது தெரியாது, வகைப்பாடு மாற்றத்துக்கு எதிரான ஆட்சேபணையில் நாம்தான் எழுத வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இதைக் காட்டிக் குடிசைகளை மட்டும் இடிக்க வருபவர்களும் உண்டு. நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விஷயத்தில் விதிவிலக்குக்கு அந்தத் தீர்ப்பே இடம் தருகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஊர் நிலங்களின் விவரம் உள்ள வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம், உங்கள் ஊர் மேய்க்காலின் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் மேய்க்கிறார், எத்தனை ஆடு, எத்தனை வருஷமாக, வீட்டிலிருந்து எத்தனை நிமிட நடை என்று பெயர் வாரியாக எழுதுங்கள். ‘ஊர் மக்கள் பாதிக்கப்படுவர்’ என்ற பொத்தாம்பொதுவான வரி விசாரணையில் நிற்காது. அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலோடு தீர்மானம் கேளுங்கள். வருஷத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. ஒன்று, பெரியவர்களை நேரில் கூட்டிப் போங்கள். அப்புறம், தீர்மானத்தை முழுக்க எழுதி வாசித்துக் காட்டாமல் தீர்மானப் புத்தகத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், கைநாட்டும் வைக்க வேண்டாம்.