எஸ்டேட் இல்லாதவருக்கு ஏது ‘எஸ்டேட் திட்டம்’?

திருமணம், குழந்தைப்பேறு, மணமுறிவு என்று எது நேர்ந்தாலும் ‘உங்கள் எஸ்டேட் திட்டத்தைப் புதுப்பியுங்கள்’ என்கிறார்கள். ஆங்கில ‘எஸ்டேட் பிளான்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு இது: நாம் இறந்த பின்போ செயலிழந்தாலோ நம் உடைமைகளையும் பொறுப்புகளையும் யார் பார்ப்பது என்று எழுதிவைப்பது. இந்த வாக்கியத்தை எத்தனை இடத்தில் படித்துவிட்டேன்! போன வாரம் பெரியப்பா ஒரு துண்டறிக்கையை நீட்டி, “நமக்கு எஸ்டேட் எங்கப்பா இருக்கு? தேயிலையா, காப்பியா?” என்று கேட்டபோதுதான் பொறுமை போயிற்று.

லத்தீனில் ‘ஸ்டேட்டஸ்’ என்றால் நிலை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ ஆனது. நிலை என்பது அந்தஸ்தாகி, அந்தஸ்து நிலபுலமாகி, கடைசியில் சட்டத்தில் ஒருவர் விட்டுச்செல்லும் அத்தனையையும் குறித்தது: வீடு, வங்கிப் பணம், நகை, அப்புறம் கடனும்தான். தமிழுக்கு வந்து சேர்ந்ததோ மலைத்தோட்டம் மட்டும். வேர்ச்சொல் கதை இவ்வளவு போதும்.

‘சொத்துத் திட்டமிடல்’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் தேவலை. ஆனால் படிப்பவர் மனை வாங்கும் யோசனை என்று நினைத்துக்கொள்வார். இதில் உயில் மட்டுமா இருக்கிறது? சிறு பிள்ளைகளுக்கு யார் காப்பாளர், நாம் நினைவிழந்து கிடந்தால் சிகிச்சையை யார் முடிவு செய்வது, நம் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் உண்டு. இவற்றில் எதைச் சொத்து என்பது? போதாததற்கு, ‘திட்டம்’ என்றால் தமிழில் இனிமேல் செய்யப்போவது. இதுவோ எழுதி, சாட்சி வைத்து, கையெழுத்திட்டு, பீரோவில் பூட்டி வைப்பது.

தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் ஒருவர் ‘எச்சத் திட்டம்’ என்கிறார். அவரோடு இரண்டு மாலைப்பொழுது சண்டை போட்டாயிற்று. எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்கிறது 114ஆம் குறள். அங்கே எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்று பொருள் கொள்கிறார். புகழ் என்று கொள்வோரும் உண்டு. அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று ‘எச்சம்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காக்கை. “என் எச்சத்தை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கிறேன்” என்று எந்த அப்பா எழுதுவார்? நண்பரிடம் கேட்டேன், சிரிக்கவில்லை. பழஞ்சொல்லை மீட்பது நல்ல வேலைதான், ஆனால் அந்தச் சொல் இடையில் எங்கெல்லாம் போய் வந்தது என்று பார்க்காமல் மீட்கக்கூடாது. அவரே உயிலை ‘விருப்பமுறி’ என்கிறார். ‘முறி’ ஆவணத்துக்குரிய பழஞ்சொல். இலங்கையில் ‘திறைசேரி முறி’ இன்றும் வழக்கு. ஆனாலும் பிறருக்கு விருப்பம் முறிந்ததாகத்தான் காதில் விழும். ஆங்கில ‘வில்’ உயிலாகித் தமிழ் உடுத்திக்கொண்டு எவ்வளவோ காலமாயிற்று. அதை ஏன் துரத்த வேண்டும்?

என் சொல் ‘பின்னாள் ஏற்பாடு’. நான் பெரிதாக ஒன்றும் உருவாக்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிடணும்” என்று வயதானவர்கள் சொல்வதுதான் இது. இன்னொரு சான்றும் உண்டு. உயிலுக்கு லத்தீன் ‘டெஸ்டமென்டும்’. அதே சொல்லிலிருந்து வந்த ‘டெஸ்டமென்ட்’டைத்தான் விவிலியம் பெயர்த்தவர்கள் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்றார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குள் போய் அலைகிறோம்.

இந்தத் துண்டறிக்கைகளில் குடும்பத்துக்காக வைக்கும் ‘டிரஸ்ட்’டையும் ‘அறக்கட்டளை’ என்கிறார்கள். பேரனின் படிப்புக்குப் பணம் ஒதுக்குவதில் அறம் எங்கே வந்தது? இலங்கையில் ‘டிரஸ்டி’யை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்கிறார்கள். எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?

இவை எல்லாவற்றையும்விட மோசம் ‘புதுப்பித்தல்’. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், காப்பீட்டைப் புதுப்பிக்கிறோம். இருந்தது அப்படியே இருக்கும், காலம் மட்டும் நீளும். உயிலுக்குக் காலாவதித் தேதி கிடையாது. பெரியப்பா மஞ்சள் உறையிலிருந்து தன் உயிலை எடுத்து, “1998ல எழுதினது. ஒரு தடவைகூடப் புதுப்பிக்கலையே, செல்லாமப் போயிருக்குமா?” என்று கேட்டார். முகத்தில் நிஜமான பயம். தேதியில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் அதை நிறைவேற்றுகிறவராக அவர் குறித்திருந்த நண்பர் இறந்து நாலு வருடமாகிறது. உயில் எழுதிய பிறகு பிறந்த பேத்தியின் பெயர் எங்கும் இல்லை. துண்டறிக்கை சொல்ல வந்தது இதைத்தான், சொன்ன சொல்லோ அவரைத் தேதியைப் பார்க்க வைத்துவிட்டது.

“புதுப்பிக்க வேண்டாம் பெரியப்பா, திருத்தணும்” என்றேன், தமிழைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு. அவர் உடனே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நண்பரின் பெயரை அடிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். கையெழுத்தான உயிலில் சாட்சியில்லாமல் அடித்து எழுதினால் பெரும்பாலான இடங்களில் அந்த மாற்றம் செல்லாது. பழைய உயிலோடு சேர்த்துப் படிக்கும் துணை உயிலைச் சாட்சிகளோடு எழுத வேண்டும், அல்லது புதிதாகவே எழுத வேண்டும். ‘திருத்துதல்’ என்ற என் சொல்லும் அன்றைக்கே அடிபட்டது. இப்போது ‘மாற்றி எழுதுதல்’ என்கிறேன்.