64 வயது என்றதும் கிளம்பிவிட்டார்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கையில் டேப்லெட்டோடு கருத்துக்கணிப்புக்கு ஒரு பெண் வந்தார். என் வயது 64 என்றதும் ‘நன்றி சார்’ என்று கிளம்பிவிட்டார். என் கருத்துக்கு மதிப்பில்லையா?”

மதிப்பு இருக்கிறது சார், இடம்தான் இல்லை. ஊரில் ஆண், பெண், இளையவர், முதியவர் இருக்கும் விகிதம் கணிப்பிலும் வரவேண்டும் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை பேர் என ஒதுக்கிவிடுவார்கள். அதுதான் கோட்டா. பகலில் கதவைத் தட்டினால் திறப்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். உங்கள் பிரிவு சீக்கிரமே நிரம்பிவிடும்.

நிறையப் பேரிடம் கேட்டாலே போதும் என்ற மூடநம்பிக்கை 1936-லேயே அடிவாங்கியது. அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிலைத் திரட்டி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். அதைவிட மிகக் குறைவானவர்களிடம் கோட்டா வைத்துக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் கேலப், ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார்.

கோட்டா வெறும் கூட்டல் கணக்குத்தானே என்று தோன்றும். நாற்பது பேர் நாற்பது தெருக்களில் ஒரே நேரத்தில் பேட்டி எடுக்கும்போதுதான் வேடிக்கை. 18–35 வயதுப் பெண்கள் 100 பேர் வேண்டும், 99 முடிந்தது என்று வையுங்கள். இந்த நொடியில் ஐந்து வீடுகளில் ஐந்து பெண்கள் வயதைச் சொல்கிறார்கள். முடிந்த பேட்டிகளை மட்டும் மென்பொருள் எண்ணினால் ஐவருக்கும் ‘இடம் உண்டு’ என்றே காட்டும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 104. தொடங்கியதையே கணக்கில் வைத்தால் முதல் பெண்ணோடு கதவு மூடிவிடும். சரி, அவர் “குக்கர் விசில் அடிக்குது” என்று பாதியில் எழுந்து போய்விட்டால்? அந்த நூறாவது இடம் யாருக்கும் இல்லாமல் பூட்டிக் கிடக்கும்.

சினிமா டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது, பணம் கட்டும்வரை சில நிமிடங்களுக்கு சீட்டைப் பிடித்து வைக்கிறார்களே, அதேதான் வழி. வயது சொன்னதும் இடம் ஒன்று பிடிக்கப்படும், கெடு ஓடத் தொடங்கும். பேட்டி முடிந்தால் இடம் உறுதி, கெடு தாண்டினால் மறுபடி பொதுவுக்கு. இதில் என்னைச் சொக்க வைப்பது ஒரு சின்ன விஷயம். ‘இடம் இருக்கிறதா’ என்று பார்ப்பதும் ‘எடுத்துக்கொண்டேன்’ என்று குறிப்பதும் ஒரே வீச்சில் நடக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே மில்லி விநாடி சந்து கிடைத்தாலும் இன்னொருவர் புகுந்துவிடுவார். ரயில் முன்பதிவிலும் இதே தலைவலிதான்.

குக்கரை இறக்கிவிட்டு அந்தப் பெண் தாமதமாகத் திரும்பி வந்தால், மென்பொருள் மறுபடி இடம் கேட்கவேண்டும். இடம் இல்லையென்றால்? நானாக இருந்தால் 101-ஆக ஏற்றுக்கொள்வேன். அரை மணி நேரம் உட்கார்ந்தவரை விரட்ட மனம் வராது. சிக்னல் இல்லாத ஊர்களில் இந்த வித்தை எதுவும் செல்லாது. அங்கே ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் பங்கை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு பிரிவின் கட்டமும் நிரம்பினால் கணிப்பு சரி என்றும் ஆகிவிடாது. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் கோட்டாவை நம்பிய கணிப்புகள் டியூயி ஜெயிப்பார் என்றன, ஜெயித்தவர் ட்ரூமன். தேர்தலுக்கு வெகுமுன்பே கேட்பதை நிறுத்தியது ஒரு காரணம். கட்டத்துக்குள் யாரைப் பிடிப்பது என்பதைப் பேட்டியாளர் கையில் விட்டது இன்னொன்று. எளிதில் சிக்கியவர்கள் சற்று வசதியானவர்கள். இன்றும் முடித்த பேட்டிக்குத்தான் காசு என்றால், 36 வயது 35 ஆவதை எந்த மென்பொருள் தடுக்கும்? வண்ண வண்ண வரைபடத் திரைகளுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தைத் தெருவில் நடப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்பேன்.

உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெண், அன்று இரவு எட்டு மணிக்கு, வேலைவிட்டு வீடு திரும்பும் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனுக்காக ஏதோ ஒரு தெருமுனையில் காத்திருந்திருப்பார்.