அறங்காவலர்: ‘போர்டு மெம்பர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சின்னச் சுற்றுச்சூழல் அறக்கட்டளையில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். ஏரி, மழைநீர்க் கால்வாய், மரம் வெட்டுவது, குப்பை என்று ஊருக்குப் பொதுவான விஷயங்களில் மனு போடுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது, வேறு வழியே இல்லை என்றால் பொதுநல வழக்குக்குப் போவது, இதுதான் எங்கள் வேலை. இந்த வருடம் இரண்டு ட்ரஸ்டிகளின் பதவிக்காலம் முடிந்தது. தெரிந்தவர்களுக்குள்ளேயே ஆள் பார்த்து முடித்துவிடாமல் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லலாம் என்று கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தோம். தமிழ் என் பொறுப்பு. முதல் வரியில் ‘அறங்காவலர் தேவை’ என்று எழுதி, எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “எந்தக் கோயிலுக்குப்பா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் கீழ் கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அறங்காவலர் என்றுதான் பெயர். முன்பு புழங்கிய தர்மகர்த்தா இன்றும் பேச்சில் இருக்கிறது. அதனால் சொல்லைக் கேட்டதும் கோபுரம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு வாரம் இந்தச் சொல்லை விட முடியவில்லை. தேடத் தேட, எங்கள் மீட்டிங்கில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குப் பதில் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடப்பது தெரிந்தது.

முதலில் நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘போர்டு’. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் பலகை. பலகைக்குக் கால் வைத்தால் மேசை, மேசையில் பரிமாறும் சாப்பாட்டுக்கும் அதே பெயர். மெஜஸ்டிக் பக்கத்து ஹோட்டல் வாசல்களில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த போர்டிங் இதே சொல்தான். அப்புறம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டத்துக்கும் அது பெயரானது. ஆக, போர்டு மெம்பர் என்றால் மேசையில் இடம் உள்ளவர். எதற்காக உட்கார்ந்திருக்கிறார், யாருக்காகப் பேச வேண்டும் என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. அதனால்தானோ என்னவோ, ‘நம்ம போர்டுக்கு ஒருத்தர் வேணும்’ என்று யாராவது சொன்னதும் எல்லோர் மனசிலும் பெரிய பெயர்களாகவே ஓட ஆரம்பிக்கின்றன. ரிட்டயர் ஆன அதிகாரி, கம்பெனி முதலாளி, டிவியில் முகம் தெரிந்தவர். லெட்டர்ஹெட்டில் அச்சடிக்க நன்றாக இருக்கும்.

‘ட்ரஸ்ட்’ கொஞ்சம் ஆழமான சொல். வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, பொருள் நம்பிக்கை. சட்டத்தில் அதன் சாரம் இவ்வளவுதான்: சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், பலன் வேறொருவருக்குச் சேர வேண்டும். அந்த ஒருவரை நம்பி ஒப்படைக்கிறார்கள், அவர் ட்ரஸ்டி. ஆங்கிலச் சொல் பார்ப்பது ஆளை. இவர் நம்பத் தகுந்தவரா என்பதுதான் அங்கே கேள்வி.

தமிழ்ச் சொல் வேறு இடத்தில் கண் வைக்கிறது. அறக்கட்டளை என்பதில் இருக்கும் ‘கட்டளை’ கோயில் வழக்கிலிருந்து வந்தது. இன்ன பூசைக்கு, இன்ன நாள் அன்னதானத்துக்கு என்று ஒருவர் நிலமோ பணமோ எழுதி வைத்தால் அது கட்டளை, எழுதி வைத்தவர் கட்டளைதாரர். கொடுத்தவர் போன பிறகும் அவர் சொன்ன சொல் நிற்கிறது. எங்கள் ட்ரஸ்ட் பத்திரத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். ‘ஏரிகளையும் நீர்வழிகளையும் பாதுகாக்க’ என்று ஆரம்பித்தவர்கள் எழுதிப் பதிவு செய்தார்கள், அது கட்டளை. அந்தக் கட்டளை மாறாமல் பார்த்துக்கொள்கிறவர் அறங்காவலர். அறம், காவலர் இரண்டும் சேரும்போது மகர ஒற்று ககரத்துக்கு முன்னால் ஙகரமாகிறது, இலக்கணம் அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தர்மகர்த்தாவில் உள்ள கர்த்தா என்றால் செய்கிறவர். இங்கே கன்னடத்தில் ட்ரஸ்டியைத் தர்மதர்சி என்கிறார்கள், அதாவது தருமத்தைப் பார்க்கிறவர், கண்காணிப்பவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் காவலர் என்கிறது. செய்கிறவர், பார்க்கிறவர், காக்கிறவர். எங்களைப் போல வழக்கும் மனுவுமாக அலையும் அமைப்பில் அன்றாடம் ஓடியாடிச் செய்வதற்குச் சம்பளத்துக்கு இருப்பவர்களும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ட்ரஸ்டி அவர்களுக்கு மேல் இன்னொரு கர்த்தாவாகி ஒவ்வொரு போஸ்டரின் நிறத்துக்கும் கருத்துச் சொன்னால் வேலை நின்றுவிடும், நான் பார்த்திருக்கிறேன். வெறுமனே தர்சியாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாலும் ஆபத்து. காவலர் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எதைக் காக்க வேண்டும்? கட்டளையை, பணத்தை, அப்புறம் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக, குரலை. பணத்தைப் பற்றிச் சட்டமே நிறையச் சொல்லிவிட்டது. ட்ரஸ்டியோ அவர் உறவினரோ அறக்கட்டளைப் பணத்தில் முறையற்ற லாபம் அடைந்தால் வருமான வரி விலக்கே பறிபோகலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளுக்கு 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். நல்ல ஆடிட்டர் ஒருவர் கிடைத்தால் இந்தப் பகுதி பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது.

குரலைக் காப்பதுதான் கஷ்டம். முன்பு நான் இருந்த வேறொரு அமைப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு ட்ரஸ்டி இருந்தார், நல்ல மனிதர், தாராளமாக நன்கொடை கொடுப்பவர், எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. ஒரு கால்வாயின் கரையை ஒட்டி லே-அவுட் போடுகிறார்கள் என்று புகார் வந்தது, படம், சர்வே வரைபடம், எல்லாம் கையில். வழக்குப் போடலாமா என்று கூட்டத்தில் கேட்டபோது அவர், ‘முதலில் பேசிப் பார்ப்போமே’ என்றார். பேசிப் பார்த்தோம். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். மழைக்காலம் வந்து போனது, கால்வாய் மேல் கான்கிரீட் விழுந்தது. அந்த லே-அவுட்டில் அவருடைய மருமகனுக்குப் பங்கு இருந்தது எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஒரு ரூபாய் எடுக்கவில்லை, பொய் சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தார். இன்றும் அந்த வழியாகப் போனால் எனக்கு வயிறு எரியும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்று நீளமான பெயர் உண்டு, தமிழில் நலமுரண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஒருவரின் சொந்த நலமும் அவர் காக்க வந்த நலமும் முரண்படுவது. பொதுநலம் என்ற சொல்லோடு பக்கத்தில் வைத்தாலே பொருள் புரிந்துவிடுகிறது, விளக்கவே வேண்டியதில்லை. நலமுரண் இருப்பது குற்றம் ஆகாது. இந்த ஊரில் நிலமோ வீடோ உறவோ இல்லாத ஆள் எங்கே கிடைப்பார்? வாய்திறந்து சொல்லிவிட்டு, அந்த விஷயம் பேசப்படும்போது எழுந்து வெளியே போக வேண்டும், அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதியும் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ‘வாரியம்’ என்ற சொல்லையும் சொல்லாமல் இருக்க முடியாது. மின்சார வாரியம், மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்று இன்று போர்டுக்கு நேரான தமிழாக இருப்பது அதுதான். சொல் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். அங்கே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது, ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு, ஆயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது! பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பற்றி எரிந்ததையும், எங்கள் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்ததையும் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்திய விஷயம் இரண்டு. ஒன்று, ‘வாரியஞ் செய்தல்’ என்று வினையாக வருகிறது. நாம் இன்று ‘போர்டில் இருக்கிறார்’ என்கிறோம், அவர்களுக்கு வாரியம் செய்கிற வேலை. இரண்டாவது, யார் வரக்கூடாது என்ற பட்டியல். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவர் மட்டுமா, அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், அம்மான், உடன்பிறந்தவர் என்று உறவுகளும் வரக்கூடாது. மருமகன் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். கடந்த மூன்று வருடங்களில் பதவியில் இருந்தவரும் வர முடியாது.

ஆனால் தகுதிப் பட்டியலை அப்படியே தூக்கிவந்து கொண்டாட எனக்கு மனசில்லை. அது பிராமண ஊர்ச் சபை. வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், பெண்களுக்கு இடமே இல்லை. ஏரித் தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்கள் யாரும் அந்தக் குடத்தில் பெயர் போட்டிருக்க முடியாது. இன்றைக்குப் பெங்களூரில் எத்தனை ஏரிக் குழுக்களில் அபார்ட்மெண்ட்வாசிகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், மீன் பிடிக்கிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கிறவர், கரையைப் பெருக்கும் பௌரகார்மிகர் ஒருவராவது உண்டா என்று எண்ணிப் பார்த்தால் நாமும் கால் வேலி நிலத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, நடைமுறைக்கு எந்தச் சொல்? எங்களுக்கு வாரியம் ஒத்துவராது, நாங்கள் மனு போடுவதே பெரும்பாலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம், படிக்கிறவர் குழம்பிவிடுவார். அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறதோ அதற்கேற்ற சொல்லைப் போடுவதே முறை. பத்திரம் பதிந்த அறக்கட்டளை என்றால் அறங்காவலர், அறங்காவலர் குழு. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிந்த சங்கம் என்றால் ஆட்சிக் குழு உறுப்பினர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிந்தது என்றால் இயக்குநர், சினிமா நினைவு வந்தாலும் வேறு வழியில்லை. அந்தச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இயக்குநர் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும், நலமுரணில் சிக்கக்கூடாது, தகாத ஆதாயம் அடையக்கூடாது என்று சொல்கிறது, அதாவது பெயர் மாறினாலும் வேலை காவல்தான்.

கோயில் வழக்கிலிருந்து வேண்டாதது ஒன்று உண்டு: பரம்பரை அறங்காவலர். ஆரம்பித்தவர், அவர் மனைவி, அவர் பையன் என்று மூன்று பெயரோடு ஓடும் சுற்றுச்சூழல் அமைப்புகள் இந்த ஊரில் குறைவில்லை, அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் ஆரம்பித்தவரிடம் ‘இது தப்பு’ என்று சொல்ல அந்த மேசையில் யார் இருக்கிறார்? வேண்டியது ஒன்றும் உண்டு: தக்கார். அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை நியமிப்பவருக்குப் பெயர் அது. தகுந்தவர், அவ்வளவுதான். பிரபலமானவர் என்றோ பணக்காரர் என்றோ அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

நோட்டீஸை மாற்றி எழுதி மறுபடியும் பூக்கடை அக்காவிடம் கொண்டுபோனேன். இப்போது முதல் வரி, ‘அல்சூர் பகுதி ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் அறங்காவலர் தேவை’. அடுத்த வரி, ‘முன்பு எந்தப் பொறுப்பில் இருந்திருந்தாலும் கணக்குக் காட்டியவராக இருக்க வேண்டும்’. அதற்கடுத்தது, ‘நிலம், கட்டடம், கான்ட்ராக்ட் தொடர்பில் உங்களுக்கோ குடும்பத்துக்கோ நலமுரண் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்’. படிப்பு எவ்வளவு வேண்டும் என்று போடவில்லையே என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம் என்றேன். அப்படியானால் ஏரிக்கரையில் முப்பது வருடமாகப் புல் அறுக்கும் தன் நாத்தனார் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டு, கடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு வந்த முதல் பெயர் அது.