சிலுவை: எங்கிருந்து வந்த சொல், தமிழில் அதற்கு என்ன பெயர்?

கிருஷ்ணகிரியில் என் வண்டியை எப்போதும் ஒரே மெக்கானிக்கிடம்தான் விடுவேன். வீட்டில் உருது பேசுகிற பாய். போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது சாவிக்கொத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த ஸலீப் டேங்க்ல உரசி உரசி பெயின்ட் போகுது பாருங்க, கழட்டி வச்சிடுங்க" என்றார். எனக்கு பெயின்ட் போனது உறைக்கவே இல்லை, ஸலீப் என்ற சொல்தான் காதில் நின்றது. "என்ன பாய் சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டேன். "ஸலீப்பு. நீங்க சிலுவைன்னு சொல்வீங்கள்ல, அதான்."

அதேதான். வேரும் அதேதான்.

சிலுவை தமிழ்ச் சொல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பறவை, அளவை, போர்வை என்று 'வை'யில் முடிகிற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறதே, யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் இது சிரியாக் மொழியின் ஸ்லீவா. இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளைதான் சிரியாக். அந்தக் குடும்பத்து மொழிகளில் ஸ-ல-ப என்ற மூன்று மெய்களும் சேர்ந்தால் தூக்கிக் கட்டுவது, தொங்கவிட்டுக் கொல்வது என்று பொருள். அரபியில் ஸலீப் ஆனதும் அதுவே, அங்கிருந்து பாரசீகம், உருது என்று வந்து நம் மெக்கானிக் கடை வரைக்கும் சேர்ந்ததும் அதுவே. தமிழுக்கு அது வேறு வழியில் வந்தது. போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிரியாக்கில் வழிபாடு நடத்திய கிறிஸ்தவர்கள் மலையாளக் கரையில் இருந்தார்கள். இந்தப் பக்கத்திலும் அவர்கள் தடம் உண்டு: சென்னை பரங்கிமலையில் 1547-ல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவையைச் சுற்றி பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து ஓடுகிறது. அந்த மரபிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் இது.

ஓசூர் பக்கம் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். அங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். தமிழர் சிலுவை என்பார், தெலுங்கர் சிலுவ என்பார், கன்னடர் ஷிலுபெ என்பார். இப்போது இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், சபா. நமக்குச் சபை, தெலுங்கில் சப, கன்னடத்தில் சபெ. வெளியிலிருந்து 'ஆ' என்ற முடிவோடு ஒரு சொல் வந்தால் பெரும்பாலும் தமிழ் அதை 'ஐ' ஆக்கும், கன்னடம் 'எ' ஆக்கும், தெலுங்கு குறுக்கிவிடும். ஸ்லீவாவும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. முன்னால் வரும் 'ஸ்ல' நம் வாய்க்கு ஒத்துவராது, அதனால் 'சிலு'. அவ்வளவுதான்.

குருசு என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது போர்ச்சுகீசிய க்ரூஸ், இலத்தீனின் க்ருக்ஸ். தென்கோடிக் கடற்கரையில் குருசு, குருசடி எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, நம் பக்கத்தில் பெரிதாகக் காதில் விழுவதில்லை. அதை விட்டுவிடலாம்.

சரி, இதற்குத் தூய தமிழ்ச் சொல் என்ன? கழுமரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கழு என்பது கூராகச் சீவிய மரம், உடலை அதில் செருகிக் கொல்வது. ரோமர்கள் செய்தது வேறு: குறுக்குக் கட்டையில் கைகளை விரித்துக் கட்டியோ ஆணியடித்தோ நட்ட மரத்தில் ஏற்றிவிட்டு, தானாகச் சாகும்வரை விட்டுவைப்பது. குறுக்கை, குறுக்குமரம் என்று புதிதாகச் செய்துகொள்ளலாம்தான். ஆனால் நற்செய்திகளின் கிரேக்க மூலத்தில் வருகிற ஸ்தவ்ரோஸ் என்ற சொல்லுக்கே முதல் பொருள் வெறுமனே நட்டு வைத்த கம்பம், குறுக்கு அதில் இல்லை. ஆக, குறுக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் வடிவம்தான் கைக்கு வரும், விஷயம் வராது. பொருளுக்குப் பெயர் சிலுவை என்றே இருக்கட்டும், அது எப்போதோ தமிழாகிவிட்டது, பிள்ளைக்குச் சிலுவைமுத்து என்று பெயர் வைக்கிற அளவுக்கு.

ஆனால் சிலுவையில் நடந்ததற்கு நம்மிடம் அசல் தமிழ்ச் சொல் இருக்கிறது. அதை என் ஆயா, அதாவது பாட்டி, தினம் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு சாண் உயரச் சிலுவை இருக்கும், அதில் இயேசுவின் உருவம் பித்தளையில். வலது கை மூட்டில் விட்டுப்போய், ஆயா அதைக் கறுப்பு நூலால் சுற்றி வைத்திருக்கும். அதை ஆயா ஒருநாளும் சிலுவை என்று சொன்னதில்லை, 'பாடுபட்ட சுரூபம்' என்றுதான் சொல்லும். கத்தோலிக்க வீடுகளில் பழைய ஆட்களுக்கு இது தெரியும். வெறும் மரம் சிலுவை, ஆள் தொங்கினால் பாடுபட்ட சுரூபம். பெரிய வெள்ளியன்று கோயிலில் வரிசையில் நின்று முத்தி (முத்தம்) செய்வதும் பாடுபட்ட சுரூபத்தைத்தான். இதே ஆயா கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்து திண்ணையில் காலை நீட்டும்போது, "என்னா பாடுடா சாமி" என்று சொல்லும். இரண்டும் ஒரே பாடு. படு என்பதிலிருந்து பாடு: பட்டது, அனுபவித்தது, உழைத்தது எல்லாம் அதில் அடக்கம். கோயிலில் சேர்ந்து சொல்கிற நம்பிக்கை அறிக்கையிலும், ரோம ஆளுநர் பிலாத்துவின் அதிகாரத்தில் 'பாடுபட்டு' என்பதுதான் முதலில் வரும், சிலுவையில் அறையுண்டது அதற்கு அடுத்துதான்.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். தருமபுரி நடுகல் ஊர். அரசு அருங்காட்சியகத்துக்குள் போனால் வரிசையாக வில்லும் வாளுமாக நிற்பார்கள். மாட்டு மந்தையைப் பகைவர் ஓட்டிப்போகும்போது மறித்துச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள்தான் அதில் நிறைய. அந்தக் காலக் கல்வெட்டு மொழியில் மந்தைக்குத் தொறு என்று பெயர், செத்தான் என்பதற்குப் 'பட்டான்' என்று எழுதுவார்கள். தொறு மீட்டுப் பட்டான். ஊருக்காகச் செத்தவனைச் சொல்ல இந்த மண் வைத்திருந்த வினைச்சொல்லும், ஆயா மாடத்தைக் காட்டிச் சொன்ன வினைச்சொல்லும் ஒன்றே. எனக்கு இது தெரிந்த அன்று உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் தப்பாகிவிடும். நடுகல் வீரன் கையில் ஆயுதம் உண்டு, செத்தபின் ஊரே கும்பிட்டது. சிலுவை அப்படியல்ல. அது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கிற சாவு. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் செய்த கலகம் தோற்ற பிறகு, கி.மு. 71-ல், அப்பியன் சாலை நெடுகச் சுமார் 6,000 பேரைச் சிலுவையில் ஏற்றினார்கள். சிலுவை என்ற பேச்சே ரோமக் குடிமகன் காதில் விழக்கூடாது என்று ரோமப் பேச்சாளர் சிசெரோ கி.மு. 63-ல் வழக்காடியிருக்கிறார். யூதர்களுக்கோ மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன், அவர்கள் சட்டநூலே அப்படிச் சொல்கிறது. எருசலேமில் 1968-ல் கிடைத்த ஒரு எலும்புப்பெட்டியில் யோகனான் என்பவரின் குதிகால் எலும்பு இருந்தது, ஆணி அதிலிருந்து கழலாமல் அப்படியே. அடித்தவர்களால் திரும்பப் பிடுங்க முடியாமல் போனதால் நமக்குக் கிடைத்த சாட்சி அது.

இப்படிப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்து, இங்கேதான் கடவுள் நம் பாவத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார், இங்கேதான் மன்னிப்பு கிடைத்தது, சாகிறவன் படுகிற பாடு அவருக்கும் தெரியும் என்று ஒரு கூட்டம் சொல்ல ஆரம்பித்தபோது, கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. திருத்தூதர் பவுலே அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நாம் தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்வதால் அந்தக் கூச்சம் நமக்குப் போய்விட்டது. உயிர்த்தெழுதல் இல்லாமல் சிலுவை மட்டும் நின்றிருந்தால் அது இன்னொரு கொலைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் பெரிய வெள்ளி முடிந்து யாரும் மூட்டை கட்டிவிடுவதில்லை, ஞாயிறுக்குக் காத்திருக்கிறோம்.

அன்றாடப் பேச்சுக்கு வருவோம். "எனக்கு இந்த சுகர்தாங்க சிலுவை", "மாமியார்தான் என் சிலுவை". சிரித்துக்கொண்டு சொன்னால் பரவாயில்லை. ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி அழுதுகொண்டு வந்த பெண்ணிடம், "அது உன் சிலுவைம்மா, சுமந்துக்கோ" என்று ஒரு பெரியவர் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தது இன்னமும் உறுத்துகிறது. இயேசு சொன்னது, என்னைப் பின்பற்ற விரும்புகிறவன் தன் சிலுவையை எடுத்துக்கொள்ளட்டும் என்று. விரும்புகிறவன், எடுத்துக்கொள்ளட்டும். இன்னொருவன் தோளில் வைத்து அழுத்து என்று எங்கேயும் இல்லை. நாள்தோறும் என்ற சொல்லை லூக்கா மட்டும் சேர்க்கிறார், மத்தேயுவிலும் மாற்குவிலும் அது கிடையாது. நாள்தோறும் சாக முடியாது, ஆகவே அவர் சொல்வது தினப்படி விட்டுக்கொடுக்கிற விஷயங்களைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்: நம் பக்கம் நியாயம் இருந்தும் வரப்புத் தகராறில் முதலில் போய்ப் பேசுவது, பெரியம்மாவைக் காலையில் கழிவறைக்குக் கூட்டிப்போய் வருவது, இந்த மாதிரி. வியாதியும் அடியும் பாடுதான், ஆனால் அவை நாமாகத் தூக்கிக்கொண்ட சிலுவை ஆகாது. தமிழில் இரண்டு சொல் இருப்பதன் வசதி இது.

இயேசு பட்ட பாட்டை நிலை நிலையாக நினைத்து நடக்கிற எங்கள் ஊர்ச் சிலுவைப்பாதையில் பாறைக்குன்றின்மேல் 14 நிலைக்கும் ஏறிப்போவோம், ஏப்ரல் வெயிலில் பாறை செருப்பைத் தாண்டிச் சுடும். மரச் சிலுவையை நிலைக்கு ஒருவர் என்று தோள் மாற்றுவோம். இயேசுவுக்குச் சிலுவை சுமக்கச் சீமோன் உதவுகிற ஐந்தாம் நிலையில் யாரும் சொல்லாமலே நாலு பேர் கை நீளும்.

கடைசியாக 'அறைதல்'. சிலுவையில் அறைந்தார்கள் என்கிறோம். கன்னத்தில் அறைவது, ஆணி அறைவது, பறை அறைந்து ஊருக்குச் சொல்வது எல்லாம் இதே வினை. ரோமர்கள் ஆளை அறைந்ததோடு நிற்காமல், தலைக்குமேல் குற்றப் பலகையையும் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழியில் மாட்டினார்கள், ஓசூர்க் கடைப் பலகை மாதிரி. ஆக நம் வினைச்சொல்லில் இரண்டு வேலையும் இருக்கிறது. வல்லின ற, தயவுசெய்து. போன வருடம் புனித வெள்ளிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்து, முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு விரித்துப் பார்த்தால், பத்தடிக்கு எட்டடியில் 'சிலுவையில் அரையப்பட்ட' என்று இருந்தது. அரைப்பது சட்னியை. கடைத் தம்பியிடம் காட்டினேன். "அண்ணா, இனிமே மெஷின் போட முடியாது, கரண்ட் வேற போய்ப் போய் வருது, ஒரு 'ற' மட்டும் ஸ்டிக்கர்ல வெட்டி ஒட்டிடறேன்" என்றான். ஒட்டினான். மறுநாள் மத்தியானம் மூன்று மணி வெயிலுக்கு அது ஓரம் சுருண்டு, பின்னாலிருந்த 'ர' எட்டிப் பார்த்தது.